காவிரி தாண்டச் சீட்டு

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் எந்தச் சாமியைப் பார்க்கப் போவதென்றாலும் முதலில் ஒரு குமாஸ்தாவைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் பழனிக்கு நடந்து போகிறவனுக்கு இரண்டு காலும் ஒரு வேண்டுதலும் இருந்தால் போதும். இப்போது ஜில்லா எல்லையைத் தாண்டித் தானியம் கொண்டுபோக ஒரு சீட்டு. காவிரியைத் தாண்ட, வாந்திபேதி ஊசி போட்டுக்கொண்டேன் என்று இன்னொரு சீட்டு. இரண்டும் இல்லாதவனை ஏற்றக்கூடாது என்று பரிசல் துறையில் ஒரு போலீஸ்காரரையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

கொல்லிமலைமேல் எடப்புளி நாடு என்ற ஊர்த்தொகுதியில் இருந்த அந்தச் சிற்றூருக்குத் தானியச் சீட்டு விஷயம் மட்டும்தான் தெரியும். ஊசி விஷயம் தெரியாது. தெரிவிக்க வேண்டியவன் அடிவாரத்துத் தலையாரி. தமுக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வரும்படி அவனுக்கு உத்தரவு. அவன் அடிவாரத்து ஊற்றுவரைக்கும் வந்தான். தண்ணீர் குடித்தான். மலையை அண்ணாந்து பார்த்தான். அதன் முகத்துக்கு நேராகத் தமுக்கை நாலு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனைத் திட்டலாம்தான். அந்தக் கல்லுப் பாதையில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்கள்.

ஆகவே, தை பிறந்ததும் வழக்கம்போல ஊரில் ஏழு பேர் காப்புக் கட்டிக்கொண்டார்கள். தைப்பூசத்துக்கு மலைத்தேனும் வாழைப்பழமும் காவடியில் கொண்டுபோய்ப் பழனியாண்டவனுக்குக் கொடுப்பது அந்த ஊரின் பொதுக் கடன். ஒரு வருஷம் தவறினால் தேன் இருக்காது, மழை இருக்காது, சாமைக் கதிரில் பால் பிடிக்காது என்று எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். தலைக்காவடி அப்பாசாமி. பத்து வருஷத்துக்கு மேலாக அவர்தான் முன்னால் நடக்கிறார். பேச்சுக் குறைவு, மீசை நிறைவு.

காப்பு என்பது வலது மணிக்கட்டில் கட்டும் ஒரு மஞ்சள் நூல். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், கட்டிக்கொண்டவனைப் பாடாய்ப் படுத்தும். அதன்பிறகு பழனியில் அவிழ்க்கும்வரை உடம்பில் இரும்பு படக்கூடாது. சவரம் இல்லை, நகம் வெட்டுவது இல்லை. சொந்தக் காட்டில் விளைந்தது தவிர வேறு தானியம் எதையும் உண்ணக்கூடாது. நோய்க்காரன் பக்கத்தில் தங்கக்கூடாது, பிணத்தின் பக்கம் போகவே கூடாது. நடுவழியில் காப்பை அவிழ்த்தவனுக்கு அப்புறம் ஆயுசுக்கும் காப்பு இல்லை. புருஷனை இழந்த பெண்ணுக்கு எப்போதுமே இல்லை. இதையெல்லாம் யார் வைத்தார்கள் என்று கேட்டால், முன்னோர்கள் என்பார்கள். முன்னோர்களிடம் போய் யார் திருத்தம் கேட்பது?

போன வருஷம் அந்த ஏழு பேரில் ஒருவன் சின்னராசு. அப்பாசாமியின் தம்பி, அத்தாயியின் புருஷன். காவிரிக்கரைச் சத்திரத்தில் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், உச்சிவெயிலுக்குள் எழுந்திருக்க முடியாதவனாகிவிட்டான். வாந்திபேதி. காப்புக் கட்டியவர்கள் நோய்க்காரன் பக்கத்தில் தங்கக்கூடாது என்பதால் மற்ற ஆறு பேரும் அவனைச் சத்திரத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பரிசல் ஏறினார்கள். பழனியில் காப்பை அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் மண்ணுக்குள் இருந்தான். அப்பாசாமி மட்டும் சத்திரத்துக்காரரோடு போய் அந்த இடத்தைப் பார்த்தார். மற்றவர்கள் பயந்துகொண்டு துறையிலேயே நின்றுவிட்டார்கள்.

ஊருக்கு வந்து அவர் சொன்னது ஒரே ஒரு பேச்சுத்தான்.

"ஆத்தங்கரையில ஒரு புளியமரத்தடியில வெச்சிருக்குது."

அன்றிலிருந்து அத்தாயியின் மனசில் ஒரு புளியமரம் நின்றுகொண்டிருந்தது. அது பெரிய மரமா, சின்ன மரமா? தனியாக நிற்கிறதா, கூட நாலு மரம் இருக்கிறதா? தண்ணீர் ஏறி வந்தால் அந்த இடம் முழுகுமா? கிழக்கே தலைவைத்துப் படுக்கவைத்தார்களா, இல்லை வாரிப் போட்டுவிட்டார்களா? களை எடுக்கும்போதும் அடுப்பு ஊதும்போதும் இதையேதான் நினைத்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளை இல்லை. ஊரில் போதுமான அளவு அழுதுவிட்டாள் என்று ஊர் நினைத்தது. அவளோ இன்னும் அழவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தாள். அந்த மரத்தடிக்குப் போக வேண்டும், தன் காட்டுச் சாமை ஒரு பிடியும் ஒரு குடம் தண்ணீரும் அவன் தலைமாட்டில் விட வேண்டும், வாய்விட்டு அழ வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தம்பி பெண்டாட்டி மூத்தவருக்கு நேரே நின்று பேசும் பழக்கம் அங்கே கிடையாது. அப்பாசாமியின் மனைவி கண்ணாயிதான் கேள்வியை உள்ளே கொண்டுபோய்ப் பதிலை வெளியே கொண்டுவந்தாள்.

"நானும் கூட நடந்து வாரேன்னு சொல்லுங்கக்கா. காவடி பக்கத்துல வர மாட்டேன். பின்னாலயே தூரமா வாரேன். அந்த எடத்த மட்டும் காட்டுனாப் போதும்."

கண்ணாயி போனாள், வந்தாள். அவள் முகத்திலேயே பதில் தெரிந்தது.

"பொம்பள, அதுவும் நீயி, காவடி கூட வந்தா நாடு என்ன பேசும்னு கேக்கறாரு. அங்க போயி என்னத்தப் பாக்கறது, மண்ணுதான் கெடக்குதுன்னாரு."

"மண்ணத்தானுங்கக்கா பாக்கோணும்" என்றாள் அத்தாயி.

கண்ணாயிக்கு அதற்குமேல் கொண்டுபோகத் தைரியம் இல்லை. அத்தாயியும் கேட்கவில்லை. ஆனால் வழிச்சோற்று வேலை முழுதும் அவள் தலையில்தான் விழுந்தது. அண்ணன் தம்பிக்குக் காடு ஒன்றாகவே இருந்ததால் அப்பாசாமிக்கு வேண்டிய சாமையை அவள்தான் குத்தினாள். கோபத்தோடு குத்தினால் உமி நன்றாகவே போகிறது. பாதியை வறுத்து மாவாக்கிக் கருப்பட்டி சேர்த்து இடித்தாள். சுக்கும் மிளகும் தனி முடிச்சு. காலில் வெடிப்பு வந்தால் தடவ விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஒரு மூங்கில் குழாயில் அடைத்தாள். எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் எடுத்துத் தனக்கென்று ஒரு பையில் வைத்துக்கொண்டாள். எப்படிப் போவது, யாரோடு போவது என்று அவளுக்குத் தெரியாது. போவது மட்டும் முடிவாகியிருந்தது.

தானியச் சீட்டு வாங்க ஏழு பேரும் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிய அன்று அத்தாயியும் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். மிளகு கொண்டுபோவதை யாரும் தடுக்க முடியாது. அதை வழக்கமாக வாங்குகிறவள் குழந்தையம்மாள். அடிவாரத்துக் குடியானவள், சொந்தமாகக் கிணறும் கரும்பும் உண்டு, குரல் மட்டும் நாலு கிணற்றுக்கு எட்டும்.

"வா கண்ணு. இன்னிக்குத்தானா வரோணும்? நாங்களே சாவடிக்குக் கெளம்பிட்டு நிக்கறம்" என்றாள் குழந்தையம்மாள். "ஊசி போட்டு உட்டு ஒரு வாரம் ஆச்சு, அன்னிக்குச் சீட்டுக் காயிதம் தீந்துபோச்சுன்னு இன்னிக்குத்தான் குடுக்கறாங்க. நானும் எங்கூட்டுக்காரரும் பூசத்துக்கு நடந்து போறம்."

"எதுக்குங்கக்கா ஊசி?"

"ஏனுங்கிறன், உங்க மலைக்குத் தமுக்கே அடிக்கலியா? வாந்திபேதிக்கு ஊசி. அது போட்டாத்தான் ஆத்தத் தாண்ட உடுவாங்க. ஊசிக்கார ஐயா இன்னிக்கு ஒருநா இருக்கறாரு, நாளைக்கு வேற ஊருக்குப் போறாரு. உடம்புல ஊசி எறங்கி ஆறு நாளு கழிஞ்சாத்தான் துறையில செல்லுமாம். அதனால இன்னிக்கு உட்டாப் பூசத்துக்குப் போய்ச் சேர முடியாது."

வாந்திபேதிக்கு ஊசி. அத்தாயி மிளகு மூட்டையை இறக்கி வைத்தாள். போன வருஷமே இந்த ஊசியை யாராவது அடிவாரத்துக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கு யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"அக்கா, நானும் உங்களோட வரட்டுங்களா? என்ற சோறு என்கிட்ட இருக்குது" என்றாள்.

குழந்தையம்மாளுக்குப் போன வருஷத்துக் கதை தெரியும். "வா சாமி, இதென்ன கேக்கறது. ஆனா அந்த எடம் உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவிய அண்ணனுக்கு, எங்க பெரிய மாமனுக்கு மட்டுந்தான் தெரியும்."

"ஆத்தங்கரை பூராப் புளியமரந்தான் கண்ணு" என்று தயங்கினாள் குழந்தையம்மாள். அப்புறம், "செரி வா, மொதல்ல சீட்ட வாங்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சாவடியில் இரண்டு மேஜை போட்டிருந்தது. ஒன்றில் தானியக் குமாஸ்தா. இன்னொன்றில் ஊசி போடுகிற ஹெல்த் இன்ஸ்பெக்டர். எரிசாராய விளக்கின்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து வந்த ஏழு பேரும் தானிய மேஜையின் முன்னால் நின்றுகொண்டு அதை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஏதோ அடிவாரத்துக்காரர்களின் சமாசாரம் என்று அதைப்பற்றி அவர்கள் கவலைப்படவில்லை.

குமாஸ்தாவுக்கு வேறு கவலை. அவருடைய உத்தரவில் அரிசி, கம்பு, சோளம், ராகி என்று அச்சடித்திருந்தது. சாமை இல்லை.

"அரிசின்னு போட்டுக்கட்டுமா?"

"அரிசி இல்லீங்களே. சாமைங்க" என்றார் அப்பாசாமி.

"அரிசியாவே வாங்கிட்டுப் போயேன்யா. வழியிலே கடையா இல்லே?"

"காப்புக் கட்டுனா சொந்தக் காட்டுதுதானுங்க திங்கோணும்."

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். யோசித்து, 'இதர தானியம்' என்று எழுதினார். எழுதியதில் அவருக்கே ஒரு சந்தோஷம். சந்தோஷத்தோடு தலையை நிமிர்த்தி, "எல்லாருடைய ஊசிச் சீட்டையும் காட்டுங்க, நம்பரை இதிலே குறிக்கணும்" என்றார்.

அப்போதுதான் ஏழு பேருக்கும் விஷயம் தெரிந்தது. அப்பாசாமி தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டார். கூட வந்தவர்களில் சின்னவனான சென்றாயன்தான் முதலில் பேசினான். "ஊசின்னா... இரும்புங்களா?"

"இரும்புதான். பின்னே மூங்கிலா?" என்றார் குமாஸ்தா.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். காலையிலிருந்து நூறு கைகளைப் பார்த்தவர், இருந்தாலும் எழுந்து வந்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், அதற்கும்மேல் இந்த ஊசி வேண்டும், போன வருஷம் மட்டும் வழியில் எத்தனை பேர் போனார்கள் தெரியுமா என்று பொறுமையாகச் சொன்னார். போன வருஷம் என்றதும் ஏழு பேரும் கீழே பார்த்தார்கள்.

"சாமிக்கு வேண்டிக்கிட்டு நாக்கிலேயும் கன்னத்திலேயும் வேல் குத்திக்கிறாங்களே. அது மட்டும் இரும்பில்லையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அது கீழ்நாட்டாருங்க. அவிய சாமி அதைக் கேக்குது, அவிய குத்திக்கறாங்க" என்றார் அப்பாசாமி. "எங்ககிட்டச் சாமி அதைக் கேட்டதில்லீங்க."

"காப்பை அவிழ்த்துட்டு ஊசி போட்டுக்கிட்டு மறுபடி கட்டிக்கக் கூடாதா?"

"அவுத்தா அவுத்ததுதானுங்க."

இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் கோபம் வந்தது. "சீட்டு இல்லாமே துறையிலே விடமாட்டாங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்று தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஊசிக்கு நூல் தெரியாது, நூலுக்கு ஊசி தெரியாது, நடுவில் இந்த ஏழு பேரும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் குழந்தையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தாயியைக் கொண்டுவந்து ஊசி மேஜையின் முன்னால் நிறுத்தினாள்.  அவள் ஊசியைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற மூத்தவரையும் பார்க்கவில்லை. வெறுங்கையை நீட்டினாள். அதில் வளையலும் இல்லை, காப்பும் இல்லை. ஊசி இறங்கியபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"பேர்?"

"அத்தாயிங்க."

"புருஷன் பேர்?"

 அவன் உயிரோடு இருந்தபோதே அவள் சொல்லாத பேர். குழந்தையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையம்மாளுக்கோ அந்தப் பேர் சட்டென்று ஞாபகம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சின்னராசுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சின்னராசுன்னு போட்டுக்குங்க. இப்ப இல்லீங்க."

அப்பாசாமிதான் சொன்னார். தம்பி போனபின் அந்தப் பேரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிச் சீட்டைக் கொடுத்தார். அத்தாயி அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சாவடியைவிட்டு வெளியே போய் நின்றாள்.

ஏழு பேரும் புங்கமரத்தடியில் கூடினார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றார் ஒருவர். காப்புக் கட்டிய காவடி ஊர் திரும்பினால் ஊருக்கு ஆகுமா என்றார் இன்னொருவர். ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் இறங்கி நீந்திவிடலாம் என்றார் மூன்றாவது ஆள். மலையில் பிறந்த ஏழு பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது என்பதை மற்றவர்கள் அவருக்கு நினைவுபடுத்தினார்கள். பூசத்துக்குத் தேன் போய்ச் சேராவிட்டால் வரப்போகும் கெடுதிகளை ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பயந்துகொண்டார்கள்.

சென்றாயன் தலையைச் சொறிந்தான். "பெரியப்பா, தேன் நம்ம நாட்டுக்காரங்க கையால போய்ச் சேந்தாப் போதுமல்லங்க? காப்புக் கட்டுன கைதான் வேணும்னு சாமி சொல்லுச்சுங்களா? சின்னம்மா நம்ம நாட்டாளு. சீட்டும் வெச்சிருக்குது."

"பொம்பள கையிலயா?" என்றார் ஒருவர்.

"வேற யாரு கையில இருக்குது சீட்டு?" என்றான் சென்றாயன்.

 காப்புக்கு ஆகாதவள் என்று அவர்கள் ஒதுக்கி வைத்ததால்தான் அவள் கைக்கு ஊசி ஆனது. அது அவர்களுக்கும் புரிந்தது. புரிந்ததை வாய்விட்டுச் சொல்ல அந்த ஏழு மீசைகளில் ஒன்றுக்கும் மனம் வரவில்லை. கடைசியில் எல்லோரும் அப்பாசாமியைப் பார்த்தார்கள். தலைக்காவடி அவர். கேட்க வேண்டியவரும் அவர்தான்.

அப்பாசாமி போய் அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். பழக்கப்படி குழந்தையம்மாளைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, ஊர்த் தேனையும் காணிக்கையையும் அது கொண்டுபோயிக் குடுக்குமான்னு கேளுங்க. நாங்க இங்க வரைக்கும் கொண்டாந்து தாரம்."

குழந்தையம்மாள் திரும்பி அதை அப்படியே சொல்லப்போனாள். அத்தாயி அவளைக் கையமர்த்திவிட்டு, முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கல்யாணமாகி வந்தபின் முதல்முறையாக அவரை நேருக்குநேர் பார்த்தாள்.

"கொண்டுபோறேன் மாமா. உங்க ஏழு பேரு காணிக்கையும் கொண்டுபோறேன். தேன ஒரு சொட்டுச் சிந்தாமக் கொண்டுபோயிச் சேக்கறேன்" என்றாள்.  "நீங்களும் கூட வரோணும். அந்த எடத்த எனக்குக் காட்டோணும்."

"நான் எப்புடி அத்தாயி வாரது? எனக்கு ஏது சீட்டு?"

"அத அவுத்துட்டு ஊசி போட்டுக்குங்க."

புங்கமரத்தடியில் நின்ற ஆறு பேருக்கும் அது கேட்டது. சென்றாயன்கூட, "சின்னம்மா!" என்று அதட்டினான்.

"காவடி நீங்க எடுக்க வேண்டாம். சாமியப் பாக்க வர வேண்டாம். ஆத்தங்கரை வரைக்கும் வந்து, இதுதான் மரம்னு கையக் காட்டிட்டுத் திரும்பிருங்க. போன வருஷம் உங்க தம்பிக்காவ இத அவுக்கல. இந்த வருஷம் அவுங்க" என்றாள் அத்தாயி. "இல்லீன்னா நான் இந்த அக்காகூட வெறுங்கையோட போறேன். ஒவ்வொரு மரத்தடியாத் தேடிக்கறேன். உங்க தேன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒரு வருஷமாக உரலில் இடித்த கோபம் அத்தனையும் அந்தப் பேச்சில் இருந்தது. அவ்வளவையும் சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். ஊருக்கு எப்படித் திரும்பிப் போவோம் என்று நினைத்தாள். குழந்தையம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

அப்பாசாமி தன் கையைப் பார்த்தார். அவர் மணிக்கட்டில் இருந்த நூல் அவருடைய பத்து வருஷத்து மரியாதை. நாட்டுக் கூட்டத்தில் முதல் வெற்றிலை, கோயிலில் முதல் திருநீறு, பஞ்சாயத்தில் கடைசிப் பேச்சு எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிட்டால் சாகும்வரை அவர் பின்னால்தான் நடக்க வேண்டும். அது அத்தாயிக்கும் நன்றாகத் தெரியும்.

"மாமா, நாம வேற வழி பாக்கலாமுங்க" என்று மரத்தடியிலிருந்து யாரோ சொன்னார்கள்.

அப்பாசாமி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்தார். இப்போது குழந்தையம்மாளைப் பார்க்கவில்லை, அத்தாயியைத்தான் பார்த்தார்.

"நாங்க கெளம்பறப்ப அவன் முழிச்சிட்டுத்தான் இருந்தான் அத்தாயி. நெனப்பில்லாமக் கெடந்தான்னு ஊருல சொன்னமே, அது பொய்யி. நல்லாத் தெரிஞ்சிருந்தது அவனுக்கு. தண்ணி கேட்டான். சத்திரத்துக்காரரு குடுத்தாரு. அப்பறம் என்றகிட்டக் கைய நீட்டி இந்த மணிக்கட்டப் புடிச்சான். காப்புக் கையின்னு நான் உருவிக்கிட்டேன்."

 அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு மேலே சொன்னார்.

"உருவுனதுக்கு அவன் கோவிச்சுக்கல. 'நீங்க போயிட்டு வாங்கண்ணா, அத்தாயிகிட்ட ஒண்ணியும் சொல்லாதீங்க, பயந்துக்குவா'ன்னான். நானும் சொல்லல. பொழுதுக்கும் அந்தப் புடி இங்கயே இருக்குது. மண்ணத்தான பாக்கறதுன்னு உன்னத் தடுத்ததுகூட, அங்க மறுக்காப் போயி நிக்க எனக்குத் தெம்பில்லாமத்தான்."

அந்த நிமிஷம் அவரை அடித்துவிட வேண்டும்போல இருந்தது அத்தாயிக்கு. பத்து விரலையும் மடக்கிக்கொண்டாள். அதே நிமிஷம், அவன் தன் பேரைச் சொல்லியிருக்கிறான், பயந்துகொள்வாள் என்று நினைத்திருக்கிறான் என்பது உள்ளே போய்ச் சேர்ந்தது. ஒரு வருஷமாக அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான் என்றல்லவா இருந்தாள். சாவடி வாசலிலேயே உட்கார்ந்து, புளியமரம்வரை காத்திருக்காமல், வாய்விட்டு அழுதாள். கடைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். குழந்தையம்மாளும் கூடச் சேர்ந்து அழுதுகொண்டே, "என்ன வேடிக்கை, போங்க அக்கட்டால" என்று அவர்களைத் துரத்தினாள்.

அப்பாசாமி காப்பை அவிழ்க்கப் பார்த்தார். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த முடிச்சு, ஒற்றைக் கையால் அவிழவில்லை. சென்றாயனை நோக்கிக் கையை நீட்டினார். சென்றாயன் பின்வாங்கினான். மற்ற ஐந்து பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பல்லால் கடித்து இழுத்தார். நூல் அறுந்து விழுந்தது. அதை எடுத்துப் புங்கமரத்துக் கிளையில் சுற்றிவிட்டுச் சாவடிக்குள் போனார்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நடந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அப்பாசாமி சட்டையில்லாத வலது தோளைக் காட்டி உட்கார்ந்தார். ஊசி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"பேர்?"

"அப்பாசாமிங்க."

"எந்த ஊர்?"

சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதினார். அத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் காவடின்னு எழுதினேன். உங்களுக்கு அதை எழுத முடியாது போலிருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர். "எதுக்காகப் போறீங்கன்னு போட?"

அப்பாசாமி ஊசி போட்ட தோளைத் தடவிக்கொண்டார்.

"தம்பியப் பாக்கப் போறேனுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் வாசற்படியில் நின்றவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார்.